ரொனி ஃபொஸ்டரின் அரங்கேற்றம்

1972 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள எங்கிள்வூட் கிளிவ்ஸ் என்ற சிற்றூரில், றூடி வான் கெல்டர் என்ற புகழ்பெற்ற ஒலிப்பதிவாளரின் கலையகத்துக்குள் 21 வயது இளைஞர் ஒருவர் தனது முதலாவது இசைத்தட்டைப் பதிவு செய்வதற்காக நுழைந்தார். பெயர் ரொனி ஃபொஸ்டர். நியூ யோர்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பிறந்த கறுப்பின இளைஞர். வாத்தியம் ஹமண்ட் ஓர்கன். அதே ஆண்டில் புளூ நோட் நிறுவனம் வெளியிட்ட அந்த இசைத்தட்டின் பெயர் 'ரூ ஹெடட் ஃப்றீப்'. 'இரண்டு தலை' வரைக்கும் விளங்குகிறது. 'ஃப்றீப்' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் இல்லை. அகராதியைப் புரட்டி நேரத்தை விரயம் செய்ய வேண்டாம் என்று வாசக நண்பர்களை முன்கூட்டியே எச்சரித்து விடுகிறேன்.

அரசியலையும் ஆட்சியாளர்களையும் பற்றியே முப்பது வருடங்களாக எழுதி வந்தவனுக்கு ஓர்கன் வாத்தியத்துடன் என்ன தொடர்பு என்று கேட்கக்கூடும். தொடர்பு இருக்கிறது. 1990 க்குப் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்த காலத்தில், தலைகீழாக நிறுத்திய சைக்கிளின் டைனமோவில் இருந்து கம்பி இழுத்து வானொலி கேட்டவர்களில் நானும் ஒருவன். ஒருவர் பெடலைச் சுற்ற வேண்டும், மற்றவர்கள் கேட்பார்கள். பி.பி.சி. தமிழோசையும் வெரித்தாஸும் முடிந்த பிறகு, சுற்றுவதற்கு ஆள் இருந்த இரவுகளில், அமெரிக்காவின் குரல் வானொலியில் விலிஸ் கொனோவர் நடத்திய ஜாஸ் நிகழ்ச்சியைத் தேடிப் பிடிப்பேன். உலகமெங்கும் ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் கேட்கிறார்கள் என்பதை அறிந்து நிறுத்தி நிதானமாகப் பேசுகின்ற அந்தக் குரல் 1996 இல் அவர் மறையும் வரை ஒலித்தது. பல்கலைக்கழகத்தில் கற்ற ஆங்கிலத்தை விடக் கூடுதலான ஆங்கிலத்தை அவரிடமிருந்து கற்றேன் என்று சொன்னால் என் விரிவுரையாளர்கள் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். ஜிம்மி ஸ்மித்தின் ஓர்கனை நான் முதன்முதலில் கேட்டது அந்த டைனமோ வெளிச்சத்தில்தான். வெளிச்சம் என்று எழுதினேன். உண்மையில் அறையில் இருந்தது ஒரு குப்பி விளக்கு.

ஹமண்ட் ஓர்கனுக்குள்ளும் இருப்பது டைனமோதான் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு படித்து அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. லோரன்ஸ் ஹமண்ட் என்ற பொறியியலாளர் 1935 இல் சந்தைக்குக் கொண்டுவந்த இந்த வாத்தியத்தில் காற்றும் இல்லை, தந்தியும் இல்லை. ஒரு மோட்டார் 91 சிறிய உலோகச் சில்லுகளைச் சுழற்றுகிறது. ஒவ்வொரு சில்லின் விளிம்பிலும் பற்கள். பக்கத்தில் கம்பி சுற்றிய காந்தம். பல் காந்தத்தைக் கடக்கும்போதெல்லாம் கம்பியில் மின்னோட்டம் ஏறி இறங்குகிறது; அந்த ஏற்ற இறக்கந்தான் சுருதி. சைக்கிள் டைனமோவில் நடப்பதும் அதே காந்தம், அதே கம்பி, அதே சுழற்சி. அதற்கு மேலே 9 இழுவைக் கட்டைகளை வெளியே இழுத்தும் உள்ளே தள்ளியும் வாசிப்பவர் ஒலியின் நிறத்தை மாற்றிக் கொள்கிறார். லெஸ்லி எனப்படும் சுழலும் ஒலிபெருக்கி அந்த ஒலியை அறை முழுவதும் வீசி எறிகிறது. குழாய் ஓர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்களுக்கென்று விற்கப்பட்ட சாதனம் இது. கறுப்பின மக்களின் தேவாலயங்கள் அதைத் தமதாக்கிக் கொண்டன. அங்கிருந்து மதுக்கடைகளுக்கு அது போன பாதை அதிக தூரமில்லை. ஞாயிறு காலையில் ஆராதனையில் வாசித்தவரே சனி இரவில் மதுக்கடையில் வாசித்தவராகவும் இருந்தார்.

தேவாலயத்தின் உருக்கமும் மதுக்கடையின் ஆட்டமும் சேர்ந்து உருவானதே 'சோல் ஜாஸ்'. ஜிம்மி ஸ்மித் 1956 இல் புளூ நோட் மூலம் அறிமுகமானார். அடுத்த பதினைந்து வருடங்களில் அமெரிக்காவின் கிழக்கு நகரங்களில் ஓர்கன் வாசிப்பவர்கள் ஒரு பரம்பரையாகவே பெருகிவிட்டனர். பஃபலோவுக்கு அருகிலுள்ள லக்கவானாவில் இருந்து லொனி ஸ்மித் வந்தார். ஃபொஸ்டர் அந்த வரிசையில் கடைசிப் பிள்ளைகளில் ஒருவர். 15 வயதிலேயே தொழில்முறையில் வாசிக்கத் தொடங்கியவர். 1970 ஆகஸ்டில் கிற்றார் கலைஞர் கிராண்ட் கிறீனின் 'அலைவ்!' என்ற மேடைப் பதிவில் வாசித்தபோது அவருக்கு வயது 20.

ஆனால், அவர் வந்து சேர்ந்த நேரம் நல்ல நேரமல்ல. புளூ நோட்டை 1939 இல் ஆரம்பித்த அல்ஃபிரட் லயன் நிறுவனத்தைக் கைமாற்றிக் கொடுத்துவிட்டு 1967 இல் ஓய்வு பெற்றிருந்தார். அவரது பங்காளி பிரான்சிஸ் வோல்ஃப் 1971 இல் இறந்து போனார். பொறுப்புக்கு வந்த ஜோர்ஜ் பட்லர் விற்பனையைப் பற்றி யோசிக்க வேண்டியவராக இருந்தார். ஜாஸ் வாங்கியவர்கள் குறைந்து போயிருந்தனர். இளைஞர்கள் ஜேம்ஸ் பிறவுனின் ஃபங்க் இசைக்கு ஆடிக் கொண்டிருந்தனர். ஃபங்க் என்றால் என்ன என்பதைத் தாள ஞானம் உள்ள நமது வாசகர்களுக்கு இப்படிச் சொல்லலாம்: சமத்தில் விழுகிற அடியே சகலமும். மற்றைய அடிகளில் ஒவ்வொரு வாத்தியமும் எங்கு வேண்டுமானாலும் ஒளித்து விளையாடலாம். சமத்துக்கு எல்லோரும் வந்து சேர்ந்துவிட வேண்டும்.

அரங்கேற்றம் என்றால் குருவின் முன்னால், மரபு பிசகாமல், கற்றதையெல்லாம் ஒப்புவிப்பது என்பது நமது பழக்கம். ஃபொஸ்டரின் அரங்கேற்றம் அப்படி நடக்கவில்லை. ஓர்கன் வாசிப்பவர்களின் பெருமையே பாஸ் வாத்தியத்துக்கு ஆள் தேவையில்லை என்பதுதான்; இடது கையும் கால்களும் அந்த வேலையைப் பார்த்துக் கொள்ளும். இந்த இசைத்தட்டில் பாஸுக்கு ஒருவரல்ல, இருவர். மின் பாஸுக்கு கோர்டன் எட்வேட்ஸ், மரப் பாஸுக்கு மூத்த கலைஞரான ஜோர்ஜ் டுவிவியே. கிற்றாருக்கு ஜீன் பேர்ட்டொன்சினி. இவை போதாதென்று கொங்காவும் வைப்ரபோனும் யாழும் கூட உண்டு. ஒழுங்கமைத்தவர் வேட் மார்க்கஸ். குருபரம்பரையில் வந்த ஓர்கன் ரசிகருக்கு இது பெரும் அபசாரம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாஸ் சுமையில் இருந்து விடுபட்ட அந்த இடது கைக்குக் கிடைத்த ஓய்வை இந்தப் பதிவு முழுவதும் கேட்க முடிகிறது. ஃபொஸ்டர் அவசரப்படுவதே இல்லை. 21 வயதில் தன் விரல்களின் வேகத்தைக் காட்டாமல் அடக்கி வைக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

மொத்தம் 8 பாடல்கள். அவற்றில் மூன்று அந்தக் காலத்தின் பிரபல பாடல்கள்: ஜோ சைமன் பாடியது ஒன்று, வில்சன் பிக்கெற் பாடியது ஒன்று, அல் கிறீனின் 'லெட்ஸ் ஸ்டே ருகெதர்' இன்னொன்று. அல் கிறீனின் பாட்டு 1971 நவம்பரில்தான் வெளியானது. அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது 1972 பெப்ரவரியில். ஆகவே, ஊரெல்லாம் அந்தப் பாட்டை முணுமுணுத்துக் கொண்டிருந்த வாரங்களிலேயே ஃபொஸ்டர் அதைப் பதிவு செய்து விட்டார். இதைத்தான் விமர்சகர்கள் வணிகம் என்றார்கள். அந்தக் காலத்துப் புளூ நோட் வெளியீடுகள் மீதெல்லாம் இந்தச் சொல் ஒட்டப்பட்டது. நமது கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரக் கச்சேரியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சண்டை புதிதல்ல. ராக ஆலாபனை முடிந்து சாமம் கடந்த பிறகு, வீதியில் நிற்கும் சனம் கேட்கின்ற சினிமாப் பாட்டை வித்துவான் வாசிக்கும்போது முன்வரிசைப் பெரியவர் ஒருவர் சால்வையை உதறிக்கொண்டு எழுந்து போவார். வித்துவானின் கற்பனை சில வேளைகளில் அந்தப் பாட்டில்தான் முழுதாகத் திறந்து கொள்ளும் என்பது எழுந்து போனவருக்குத் தெரியாது.

எல்லாப் பாடல்களும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். யாழின் இழைப்பு ஓரிரு இடங்களில் ஹோட்டல் முன்மண்டபத்து இசையை நினைவூட்டுகிறது. ஆனால், ஏழாவது பாடல் வேறு. 'மிஸ்டிக் புரூ' என்ற ஃபொஸ்டரின் சொந்த ஆக்கம். கீழே பாஸ் ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொண்டிருக்கிறது. அந்தச் சொற்றொடர் சமமாகப் பிரியாது. ஒரு பக்கம் குட்டை, மறுபக்கம் நெட்டை, நொண்டி விளையாடும் சிறுபிள்ளையைப் போல. அதன் மேல் வைப்ரபோனும் ஓர்கனும் குரலை உயர்த்தாமல் கதைத்துக் கொள்கின்றன. துக்கமா, சுகமா என்று தீர்மானிக்க முடியாத ஒரு பாவம்.

இந்தப் பாடலை எனக்கு அறிமுகப்படுத்தியவர் கொனோவர் அல்ல. ரொறன்ரோவில் வாழும் என் தங்கையின் மகன். 2010 ஆம் ஆண்டு ஓர் இரவு தங்கை தொலைபேசியில் அழுதாள். "அண்ணா, இவன் கம்பஸை விட்டிட்டான். ஆரோ பாடின பழைய பாட்டுகளை வெட்டி ஒட்டிக்கொண்டு அறைக்குள்ளை கிடக்கிறான். நீங்கள் ஒருக்கால் அவனோடை கதையுங்கோ. நீங்கள் சொன்னால் கேட்பான்." அந்தப் பாட்டுகளைப் பாடியவர்களைக் குறிக்க அவள் பயன்படுத்திய சொல்லை நான் இங்கே எழுதப் போவதில்லை. புலம்பெயர்ந்த நாடுகளில் நம்மவர்கள் கறுப்பின மக்களைப் பற்றித் தமக்குள் பேசும்போது எந்தச் சொல்லைப் பாவிக்கிறார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியும். நிறத்தாலும் மொழியாலும் ஒதுக்கப்பட்டோம் என்று உலகத்துக்கு எடுத்துச் சொல்லப் புறப்பட்ட ஒரு சமூகத்தின் வாயில் அந்தச் சொல் இருப்பது பற்றி நான் பல தடவைகள் யோசித்திருக்கிறேன்.

மருமகனுக்கு அப்போது வயது 21. பொறியியல் படிப்பின் இரண்டாவது ஆண்டில் விலகியிருந்தான். உபதேசத்துக்கென்று ஆரம்பித்த உரையாடல் வேறு திசையில் போயிற்று. "மாமா, முதலிலை இதைக் கேளுங்கோ" என்று அவன் இரண்டு பாடல்களை அனுப்பினான். ஒன்று 'ஏ ட்ரைப் கோல்ட் குவெஸ்ட்' என்ற நியூ யோர்க் றாப் குழு 1993 இல் வெளியிட்ட 'மிட்நைட் மரோடர்ஸ்' அல்பத்தில் உள்ள 'இலெக்ற்றிக் றிலக்சேஷன்'. மற்றையது 'மிஸ்டிக் புரூ'. ஃபொஸ்டரின் பதிவில் இருந்து சில விநாடிகளே நீளும் ஒரு துண்டை வெட்டி எடுத்து, அதையே சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, அதன்மேல் இரண்டு இளைஞர்கள் பேசுகிறார்கள். இருபது வருடம் யாரும் தேடாத இசைத்தட்டு அந்தத் துண்டினால் உயிர் பெற்றது. பழைய தட்டுக்கடைகளில் ஃபொஸ்டரைத் தேடத் தொடங்கியவர்கள் ஜாஸ் ரசிகர்கள் அல்ல, றாப் கேட்டு வளர்ந்த பையன்கள்.

நான் கேட்ட கேள்வி எந்த மாமாவும் கேட்கக்கூடியதுதான். "மற்றவன் வாசித்ததை வெட்டி எடுப்பது களவில்லையா?" அந்தக் கேள்வியில் என் சொந்தக் காயம் ஒன்றும் இருந்தது. 1990 களின் பிற்பகுதியில் வன்னியில் இடம்பெயர்ந்த குடும்பங்களுடன் நான்கு நாட்கள் தங்கியிருந்து நான் எழுதிய கட்டுரை ஒன்று, சில வாரங்களின் பின்னர் ஓர் ஆங்கில வார இதழில் வேறொருவரின் பெயரில் வெளிவந்தது. பந்திகளின் ஒழுங்கு கூட மாறவில்லை. ஒரு தாய் சொன்ன வாசகம் மொழிபெயர்ப்பில் அப்படியே இருந்தது. நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பத்திரிகைத் தொழிலில் இது புதுமையல்ல என்று மூத்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். அது எப்படி ஆறுதலாகும் என்பது எனக்கு விளங்கவில்லை.

மருமகன் ஆங்கிலமும் தமிழும் கலந்து விளக்கினான். 1991 டிசம்பரில் நியூ யோர்க் நீதிமன்றம் ஒன்று வழங்கிய தீர்ப்புக்குப் பிறகு அனுமதியில்லாமல் துண்டு எடுப்பது றாப் இசைக்காரருக்குப் பெரும் ஆபத்தாகிவிட்டது. பணம் கட்ட வேண்டும், பெயர் போட வேண்டும். "ஃபொஸ்டரின்ரை பெயர் இதிலை இருக்கு மாமா. பெயர் இருந்தபடியால்தான் நான் அந்தாளைத் தேடிப் போனனான். உங்கடை கட்டுரையிலை உங்கடை பெயர் இருந்திருந்தால் ஆரும் உங்களைத் தேடி வந்திருப்பினம்." அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. அவன் களவை நியாயப்படுத்தவில்லை. நான் வருடக்கணக்கில் முறையிட்டு வந்ததை என்னை விடச் சுருக்கமாகச் சொன்னான். படிப்பைப் பற்றி அன்று நாங்கள் கதைக்கவில்லை. தங்கை என்னுடன் இரண்டு மாதம் பேசாதிருந்தது தனிக்கதை. பிற்பாடு அவன் ஒலிப்பதிவுத் தொழில் கற்று, இன்று நாடக அரங்குகளில் ஒலிப் பொறுப்பாளனாக வேலை செய்கிறான். தங்கை அதை உறவினரிடம் சொல்லும்போது 'என்ஜினியர்' என்றே சொல்கிறாள். ஒலிக்கும் என்ஜினியர் உண்டுதானே.

அவன் எனக்கு அனுப்பிய மூன்றாவது பதிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். விஜய் ஐயர் என்ற பியானோக் கலைஞர் 2009 இல் வெளியிட்ட 'ஹிஸ்டோரிசிற்றி' என்ற அல்பத்திலும் 'மிஸ்டிக் புரூ' இருக்கிறது. இந்தியாவில் இருந்து குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு 1971 அக்டோபரில் அமெரிக்காவில் பிறந்தவர் அவர். ஃபொஸ்டர் அந்தக் கலையகத்துக்குள் நுழைந்தபோது அவர் மூன்று மாதக் குழந்தை. இயற்பியல் படித்தவர். பின்னாளில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியரானவர். 3, 5, 8, 13 என்று முந்தைய இரண்டைக் கூட்டிக் கூட்டி வளர்கின்ற ஃபிபொனாச்சி எண்வரிசையின் விகிதங்களில் அந்த நொண்டிச் சொற்றொடரை நீட்டியும் குறுக்கியும் வாசித்ததை அவரே எழுதி விளக்கியிருக்கிறார். பியானோ, பாஸ், டிரம்ஸ் மூன்று மட்டுமே. நான் அதைக் கொன்னக்கோல் கேட்கும் காதுடன் கேட்டேன். கணக்கு வழக்கு நம்முடையதா, அவர்களுடையதா என்று பிரித்துச் சொல்வது வீண் வேலை. ஐயர் அந்தப் பாட்டை ஃபொஸ்டரின் தட்டில் இருந்து எடுத்தாரா, றாப் பையன்களின் துண்டில் இருந்து எடுத்தாரா என்று கேட்டால், இரண்டில் இருந்தும் என்றே அந்த வாசிப்பு சொல்கிறது. 'றிலக்சேஷன்' என்ற சொல்லின் வாலை அவர் தமது பதிப்பின் தலைப்பிலேயே ஒட்டி வைத்திருக்கிறார்.

ஃபொஸ்டர் இந்தக் காலமெல்லாம் பட்டினி கிடந்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1975 வரையில் புளூ நோட்டுக்கு மொத்தம் 5 இசைத்தட்டுகள் செய்தார். பின்னர் ஜோர்ஜ் பென்சனின் குழுவில் சேர்ந்து 1976 இன் 'பிறீசின்' அல்பத்தில் வாசித்தார். அது மில்லியன் கணக்கில் விற்றது. அதிலுள்ள 'லேடி' என்ற ஆக்கம் ஃபொஸ்டருடையது. அதே ஆண்டில் ஸ்டீவி வொண்டரின் 'சோங்ஸ் இன் த கீ ஒஃப் லைஃப்' அல்பத்தில் 'சமர் சொஃப்ற்' பாட்டுக்கு ஓர்கன் வாசித்தார். பிறேசில் பாடகர் ஜவானின் அல்பத்தையும் 1982 இல் தயாரித்தார். ஆனால், தம் பெயரில் 1986 இல் வெளியிட்ட ஒரு தொகுப்புக்குப் பிறகு நீண்ட மௌனம். 36 ஆண்டுகள் கழித்து, 2022 இல், 72 வயதில், 'றீபூட்' என்ற அல்பத்துடன் அதே புளூ நோட்டுக்குத் திரும்பி வந்தார். அதையும் கேட்டேன். விரல்களுக்கு வயதேறவில்லை, ஆனால், 1972 இல் இருந்த அந்தத் தயக்கம் இப்போது இல்லை. எனக்குத் தயக்கந்தான் பிடித்திருந்தது.

'ரூ ஹெடட் ஃப்றீப்' இன்று இணையத்தில் யாருக்கும் எளிதில் கிடைக்கிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் நேரே ஏழாவது பாடலுக்குப் போய்விட்டு அத்துடன் நிறுத்தி விடுகிறார்கள். எட்டாவதாக ஒரு பாடல் இருக்கிறது. பெயர் 'கென்றக்கி ஃபிறைட் சிக்கன்'. சனி இரவு மதுக்கடையின் வியர்வை அப்படியே இருக்கின்ற பாட்டு. ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேளுங்கள்; பக்கத்து வீட்டாருக்கு முன்னரே சொல்லி வைப்பது நல்லது.